அப்லரேயும் அப்லரீயாவும்: ஸ்பானிய எதிர்காலமும் நிபந்தனை வினையும்

ஸ்பானிய மொழிப் பாடநூல்களில் எதிர்காலம் ஓர் அத்தியாயத்தில் வரும். 'நிபந்தனை' என்று பெயர் சூட்டப்பட்ட வினைவடிவம் வெகுதூரம் தள்ளி, பல சமயம் அடுத்த புத்தகத்தில் வரும். முதல் அட்டவணையை உருப்போட்ட மாணவர் இரண்டாவதையும் புதிதாக உருப்போடுவார். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்று அவருக்கு எவரும் சொல்வதில்லை. சொன்னாலும் அடிக்குறிப்பில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். என் கட்சி இதுதான்: நிபந்தனை வினை என்பது இறந்தகாலத்தில் நின்றுகொண்டு பார்த்த எதிர்காலம். தனியாகப் படித்தால் அது பாதிதான் விளங்கும். எதிர்காலத்தின் பக்கத்தில் வைத்தால் வடிவம், வரலாறு, வேலை ஆகிய மூன்றிலும் ஒன்று மற்றொன்றுக்கு உரை எழுதும். இரண்டும் எங்கே பிரிந்து போகின்றன என்பதும் அப்போதுதான் தெரியும்.

முதலில் வடிவம். 'பேசு' என்ற பொருள் தரும் அப்லார் என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். எழுத்தில் அதற்கு முன்னால் ஒரு ஹகரம் உண்டு, ஆனால் அதை யாரும் உச்சரிப்பதில்லை. எந்த முரண்டும் பிடிக்காத ஒழுங்கான வினை இது. எதிர்காலத்தில் அது இப்படி நடக்கும்: நான் அப்லரே, நீ அப்லராஸ், அவன் அல்லது அவள் அப்லரா, நாம் அப்லரேமோஸ், நீங்கள் அப்லரேய்ஸ், அவர்கள் அப்லரான். நிபந்தனையில்: அப்லரீயா, அப்லரீயாஸ், அப்லரீயா, அப்லரீயாமோஸ், அப்லரீயாய்ஸ், அப்லரீயான். இரண்டாவது வரிசையில் குரலின் அழுத்தம் ஆறு இடத்திலும் 'ரீ' மேல்தான் விழும்.

ஸ்பானிய நிகழ்காலத்தில் மூலவடிவத்தின் வாலை வெட்டிவிட்டுத்தான் விகுதியை ஒட்டவேண்டும். இந்த இரண்டு வரிசையிலும் வெட்டு வேலையே இல்லை. அப்லார் முழுசாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. விகுதி அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. இதனால் ஒரு பெரிய வசதி. ஸ்பானிய வினைகள் ஆர், ஏர், ஈர் என்ற மூன்று ஈற்றில் முடிபவை. மற்றக் காலங்களில் இந்த வகுப்புகள் வேறு வேறு விகுதிகளைக் கேட்டுப் படுத்தும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. 'சாப்பிடு' என்னும் கொமேர் கொமெரே என்றும் கொமெரீயா என்றும் ஆகும். 'ஏறு' என்னும் சுபீர் சுபிரே என்றும் சுபிரீயா என்றும் ஆகும். மூன்று வகுப்புக்கும் விகுதி ஒன்றே. விகுதியில் விதிவிலக்கு என்று ஸ்பானிய மொழி முழுவதிலும் ஒரு வினைகூடக் கிடையாது.

வேறுபாடு ஒன்று உடனே கண்ணில் படும். எதிர்காலத்தில் ஆறு இடத்துக்கும் ஆறு வடிவம். நிபந்தனையில் ஐந்துதான், தன்மை ஒருமையும் படர்க்கை ஒருமையும் ஒன்றாகிவிட்டன. தமிழைப் போலவே ஸ்பானிய மொழியும் 'நான்', 'நீ' என்று வாய்விட்டுச் சொல்லாமல் வினைமுற்றிலேயே ஆளைக் காட்டிவிடும். அப்லரே என்றால் போதும், பேசப்போவது நான். அப்லரீயா என்றால் நானா, அவளா? 'யோ' என்றோ 'எய்யா' என்றோ முன்னால் ஒரு சொல் சேர்க்கவேண்டி வரலாம். தூது கொண்டுவரும் பேச்சில் இந்த மயக்கம் அடிக்கடி தலைகாட்டும். 'நீங்கள்' வரிசையில் நிற்கும் அப்லரீயாய்ஸ் ஸ்பெயினுக்கு மட்டும் உரியது. மெக்சிகோவிலோ பெருவிலோ அதைப் பள்ளிக்கூட அட்டவணையில் பார்க்கலாம், பேச்சில் கேட்க முடியாது. அங்கே நண்பர்கள் கூட்டத்தைக்கூடப் படர்க்கைப் பன்மை வடிவத்தில்தான் அழைப்பார்கள்.

இப்போது அந்த விகுதிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்போம். எதிர்கால விகுதிகள்: ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், ஏய்ஸ், ஆன். அபேர் என்ற துணைவினையின் நிகழ்காலத்தை வரிசையாகச் சொல்லுங்கள்: ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், அபேய்ஸ், ஆன். ஓரிடத்தில் அசை ஒன்று தேய்ந்ததைத் தவிர இரண்டும் ஒன்றே. நிபந்தனை விகுதிகள் ஈயா, ஈயாஸ், ஈயா என்று போகின்றன. அதே அபேரின் தொடர் இறந்தகாலம்: அபீயா, அபீயாஸ், அபீயா. முன்னால் நின்ற 'அப்' மட்டும் உதிர்ந்திருக்கிறது. 'பேச வேண்டியிருக்கிறது' என்பது இறுகி அப்லரே ஆனது. 'பேச வேண்டியிருந்தது' என்பது இறுகி அப்லரீயா ஆனது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அந்த 'இருக்கிறது', 'இருந்தது' தூரம்தான்.

இதன் பின்னால் ஆயிரம் ஆண்டுக் கதை இருக்கிறது. செவ்வியல் லத்தீனில் எதிர்காலத்துக்குத் தனி விகுதி உண்டு. 'நேசிப்பான்' என்பது அமாபித். 'நேசித்தான்' என்பது அமாவித். பேச்சு லத்தீனில் உயிர்களுக்கிடையே வரும் பகரமும் வகரமும் ஒலியில் ஒன்றாகக் கலந்தபோது எதிர்காலமும் இறந்தகாலமும் காதுக்கு ஒன்றாகிப் போயின. நேசித்தவனையும் நேசிக்கப்போகிறவனையும் பிரித்துச் சொல்ல முடியாத மொழி எத்தனை நாள் தாங்கும்? மக்கள் வேறு வழி தேடினார்கள். மூலவடிவத்தோடு 'கொண்டிரு' என்ற பொருளுள்ள அபேரே என்ற வினையைச் சேர்த்தார்கள். கி.பி. 200ஐ ஒட்டிக் கார்த்தேஜில் எழுதிய டெர்டுல்லியன் போன்ற கிறிஸ்தவ ஆசிரியர்களின் லத்தீனில், விதிக்கப்பட்டதை, நடந்தே தீரப்போவதைச் சொல்ல இந்தக் கூட்டு வருகிறது. நிபந்தனைக்கோ லத்தீனில் தனி வடிவமே கிடையாது. அந்த வேலையைச் சப்ஜங்டிவ் என்னும் வினைப்பாங்கு பார்த்துக்கொண்டது. ஆக, எதிர்காலம் பழையதை இழந்து புதியதைப் பெற்றது. நிபந்தனை வினை முன்பு இல்லாத இடத்தில் பிறந்தது. ஒரே கருவி ஓரிடத்தில் பழுது பார்த்தது, இன்னோரிடத்தில் புதுவீடு கட்டியது.

இந்த ஒட்டு எழுத்தில் முதன்முதலாகத் தென்படும் இடம் வேடிக்கையானது. 7ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பிரெடெகர் வரலாற்றேட்டில் ஒரு கதை. பேரரசர் ஜஸ்டினியனிடம் பிடிபட்ட பாரசீக அரசன், கேட்கும் ஊர்களைத் தரமாட்டேன் என்கிறான். அதற்குப் பேரரசர் 'தராஸ்' என்கிறார். அதனால்தான் அந்த ஊருக்குத் தாரா என்று பெயர் வந்ததாம். வரலாறாக இது தேறாது. ஜஸ்டினியன் பட்டம் ஏறும் முன்பே, அனஸ்தாசியுஸ் காலத்தில் கட்டிய ஊர் அது. ஆனால் கட்டுக்கதைக்குள் அகப்பட்ட அந்தச் சொல் மெய். 'நீ தருவாய்' என்பதற்கு இன்றைய ஸ்பானியச் சொல்லும் அட்சரம் பிசகாமல் தராஸ்தான். தமிழ்க் காதுக்குத் 'தரு' கேட்கிறதே என்று யாரும் வேர்ச்சொல் தேடிக் கிளம்பிவிட வேண்டாம், அது தற்செயல்.

1492இல் சலமங்காவில் ஸ்பானிய மொழிக்கு முதல் இலக்கணம் அச்சேறியது. எழுதியவர் அந்தோனியோ தே நெப்ரீஹா. மூலவடிவமும் அபேரும் சேர்ந்துதான் எதிர்காலம் ஆகிறது என்பதை அவர் அப்போதே கண்டுவிட்டார். நிபந்தனையையும் அதே மூச்சில் விளக்கினார்: ஒன்றுக்கு 'நேசிக்க வேண்டியிருக்கிறது', மற்றதற்கு 'நேசிக்க வேண்டியிருந்தது'. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர் அடுத்தடுத்து வைத்துச் சொன்னதை நம் காலத்துப் பாடநூல்கள் பிரித்து இரண்டு மூலையில் வைத்தது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

அவர் காலத்தில் ஒட்டு இன்னும் முழுசாக இறுகவில்லை என்பதும் அவருக்குக் கைகொடுத்திருக்கும். பழைய காஸ்தீலிய எழுத்தில் மூலவடிவத்துக்கும் விகுதிக்கும் நடுவே 'உனக்கு', 'அதை' போன்ற சிறுசொற்கள் வந்து அமரும். 'உனக்குத் தருவேன்' என்பதை 'தார் தே ஏ' என்று மூன்று துண்டாக எழுதினார்கள். 'சொல்லுவேன் அதை' என்ற நிபந்தனையைத் 'தெசீர் லோ ஈயா' என்றார்கள். நமக்கு இது அதிசயமில்லை. 'வந்திருக்கிறான்' என்பதை ஒரே சொல்லாக எழுதுகிறோம். ஆனாலும் 'வந்துதான் இருக்கிறான்', 'வந்தும் இருக்கிறான்' என்று நடுவில் பிளந்து சொல் நுழைக்கும் உரிமையை வைத்திருக்கிறோம். ஸ்பானிய மொழி 17ஆம் நூற்றாண்டுக்குள் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. போர்ச்சுகீசிய எழுத்துமொழி இன்றும் திறந்து வைத்திருக்கிறது: 'தார்-தெ-எய்' என்று எதிர்காலம், 'தார்-தெ-ஈயா' என்று நிபந்தனை. இத்தாலிய மொழி வேறு பாதையில் போனது. எதிர்காலத்துக்கு அதே நிகழ்காலத் துணைவினையை எடுத்துக்கொண்டது. நிபந்தனைக்குத் தொடர் இறந்தகாலத்தை விட்டுவிட்டு முற்று இறந்தகாலத்தைப் பிடித்தது. அதனால் அங்கே இரண்டும் அண்ணன் தம்பி என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது.

ஒட்டாத பழைய கூட்டு ஸ்பானிய மொழியிலிருந்து முழுசாகப் போய்விடவுமில்லை. கப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' 1967இல் வெளிவந்தது. அதன் புகழ்பெற்ற முதல் வாக்கியம், ஒரு மனிதர் பல ஆண்டுகளுக்குப் பின் ஒன்றை நினைவுகூரப் போவதை முன்கூட்டியே சொல்கிறது. அங்கே அவர் 'ரெகொர்தரீயா' என்ற ஒற்றைச் சொல்லை எழுதியிருக்கலாம், இலக்கணம் தடுக்காது. எழுதியது அபீயாவைப் பிரித்து வைத்த கூட்டை. ஒட்டின வடிவத்தில் நடக்கப்போவது மட்டும் கேட்கும். பிரித்ததில் நடந்தே ஆகவேண்டும் என்ற விதியின் தொனியும் கேட்கும். டெர்டுல்லியன் காலத்துத் தொனி அது.

ஒழுங்கற்ற வினைகளைப் பற்றி இங்கே ஒரு சொல். அவை பன்னிரண்டு, விகுதி அவற்றிலும் மாறாது, அடி மட்டும் குறுகும். 'அறி' என்னும் சபேர் சப்ரே, சப்ரீயா ஆகும். 'முடி' என்னும் போதேர் போத்ரே, போத்ரீயா. 'கொண்டிரு' என்னும் தெனேர் தெந்த்ரே, தெந்த்ரீயா. அழுத்தம் முழுவதும் விகுதிக்குப் போய்விட்டதால் அதற்கு முந்தைய உயிர் வலுவிழந்து விழுந்தது. னகரமும் ரகரமும் நேருக்கு நேர் மோதியபோது நடுவில் ஒரு தகரம் முளைத்தது. 'ஒன்று' வாய்மொழியில் தகரம் ஏறி ஒலிக்கும் நம்மூர் வழக்குகளை அறிந்தவருக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. பழைய ஸ்பானிய மொழியில் இப்படிக் குறுகிய வினைகள் இன்னும் நிறைய இருந்தன; பிறகு பலவும் ஒழுங்குக்குத் திரும்பிவிட்டன. அன்றாடம் வாயில் புழங்கும் இந்தப் பன்னிரண்டு மட்டும் திரும்ப மறுத்தன. கவனிக்க வேண்டியது, எந்த வினை எதிர்காலத்தில் குறுகுகிறதோ அதுவே நிபந்தனையிலும் அதே இடத்தில் குறுகுகிறது. ஒன்றைப் படித்தவருக்கு மற்றது இனாம்.

இனி வேலை. 'அவள் நாளை பேசுவதாகச் சொல்கிறாள்' என்பதற்கு ஸ்பானிய மொழியில் 'தீசே கே அப்லரா'. சொன்னது நேற்று என்றால் 'தீஹோ கே அப்லரீயா'. தமிழில் 'பேசுவதாக' அப்படியே நிற்கும். 'சொல்கிறாள்' மட்டும் 'சொன்னாள்' ஆகும். ஸ்பானிய மொழியில் இரண்டு வினையும் சேர்ந்து ஓரடி பின்னால் நகர்கின்றன. ஆனால் தமிழர் வழக்கப்படி 'தீஹோ கே அப்லரா' என்று சொன்னாலும் அது பிழையாகிவிடாது. அவள் பேசும் நாள் இன்னும் வரவில்லை, வாக்கு உயிரோடு இருக்கிறது என்று பொருள்படும். அப்லரீயா என்றால் சொன்னவளின் அன்றைய நிலையை மட்டும் சொல்கிறோம். பேசினாளா, பேசுவாளா என்பதற்கு நாம் பொறுப்பில்லை.

இன்னொரு வேலை ஊகம். 'இப்போது மணி மூன்று இருக்கும்' என்று நாம் எதிர்கால வினையில் ஊகிப்பதைப் போலவே ஸ்பானியர்கள் 'செரான் லாஸ் த்ரேஸ்' என்கிறார்கள். நடந்துபோன ஒன்றைப் பற்றி, 'அவன் வந்தபோது மணி மூன்று இருக்கும்' என்று நாம் அதே 'இருக்கும்' வைத்து ஒப்பேற்றிவிடுகிறோம். அவர்கள் 'செரீயான்' என்று நிபந்தனை வினைக்கு மாறுவார்கள். இதில் நிபந்தனை எங்கே இருக்கிறது? ஒன்றுமில்லை. எதிர்காலம் இன்றைக்குச் செய்யும் ஊகத்தை இது அன்றைக்குச் செய்கிறது, அவ்வளவுதான்.

இதைச் சரியாகப் பிடித்தவர் அந்திரேஸ் பேய்யோ. கராகஸில் பிறந்து, லண்டனில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காலம் தள்ளி, சிலியில் குடியேறிப் பல்கலைக்கழகத்துக்கும் சட்டத்தொகுப்புக்கும் அடித்தளம் போட்டவர். 1847இல் அமெரிக்க நாட்டவருக்கென்றே அவர் எழுதிய இலக்கணத்தில் இந்த வினைக்கு 'பொஸ்ப்ரெதேரிதோ' என்று பெயர் வைத்தார்: கடந்ததற்குப் பிந்தியது. மெக்சிகோப் பள்ளிகளில் அந்தப் பெயர் இன்றும் வழங்குகிறது. மத்ரித்தில் இருக்கும் அரசு மொழிக்கழகமோ 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி இதைத் தனி வினைப்பாங்காகப் பிரித்து உட்காரவைத்திருந்தது. 1973இல் வெளியிட்ட இலக்கண வரைவில்தான் எதிர்காலம் இருக்கும் வரிசைக்கே கொண்டுவந்தது. 2009இல் வந்த பேரிலக்கணம் 'நிபந்தனை' என்ற பெயரையும் பேய்யோவின் பெயரையும் சேர்த்தே தருகிறது. எனக்குப் பேய்யோ பக்கம்தான் சாய்வு.

அப்படியானால் நிபந்தனைக்கும் இந்த வினைக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு, ஆனால் பெயர் சொல்லும் இடத்தில் இல்லை. 'பணம் இருந்தால் வாங்குவேன்' என்பதில் நிபந்தனை 'இருந்தால்' பகுதியில் இருக்கிறது. ஸ்பானிய நிபந்தனை வினை அந்தப் பகுதிக்குள் நுழையக்கூடாது. விளைவைச் சொல்லும் பகுதியில் மட்டுமே வரும். கையில் பணம் வர வாய்ப்பு இருக்கிறது என்றால் 'சி தெங்கோ தினேரோ' என்று தொடங்கி எதிர்காலமான 'கொம்ப்ரரே' என்று முடிப்பார்கள். பணம் கனவில்தான் என்றால் 'சி துபியேரா தினேரோ', முடிவில் 'கொம்ப்ரரீயா'. தமிழில் இரண்டுக்கும் 'இருந்தால் வாங்குவேன்' போதும், சொல்லும் தொனியில் கேட்பவர் புரிந்துகொள்வார். 'இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்' என்று கைநழுவிப்போனதற்கு மட்டுமே நாம் தனி வடிவம் வைத்திருக்கிறோம். எதிர்காலத்திலிருந்து நிபந்தனைக்கு மாறும்போது ஸ்பானியர் காலத்தில் பின்னே போகவில்லை, மெய்ம்மையிலிருந்து விலகுகிறார். இறந்தகாலத்தின் தூரத்தைக் கற்பனையின் தூரமாக மாற்றிக்கொண்டதுதான் இந்த வினையின் சாமர்த்தியம். எதிர்காலத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

'சி' பகுதிக்குள் நுழையாதே என்ற விதியை எல்லோரும் மதிக்கவில்லை. பாஸ்க் நாட்டிலும் அதை ஒட்டிய நவார்ரா, புர்கோஸ், கந்தாப்ரியா பக்கங்களிலும் 'சி துபியேரா' இடத்தில் 'சி தெந்த்ரீயா' என்பது சாதாரணப் பேச்சு. படித்தவர் வாயிலும் வரும். பள்ளி ஆசிரியர்கள் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள், பேச்சு அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அந்த வட்டாரத்தினர் செய்வதும் ஒருவகையில் நியாயம்தான்: நிபந்தனை என்று பெயர் வைத்துவிட்டு நிபந்தனைப் பகுதிக்குள் விடமாட்டேன் என்றால் எப்படி?

பணிவிலும் எதிர்காலமும் நிபந்தனையும் பிரிகின்றன. 'மே குஸ்தரீயா' என்றால் 'எனக்கு வேண்டும்' என்பதன் மென்மையான வடிவம். 'போத்ரீயா' என்று தொடங்கினால் கேள்வி விண்ணப்பமாகக் குழையும். நாமும் 'உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்' என்று, வந்து எதிரே நின்றுகொண்டே இறந்தகாலத்தில் பேசுவோம். எதிர்காலத்தின் சுபாவம் நேர்மாறு, அது கட்டளையிடும். பத்துக் கட்டளைகளில் 'கொலை செய்யாதே' என்பது ஸ்பானிய மொழியில் 'நோ மத்தராஸ்', 'கொல்லமாட்டாய்' என்ற எதிர்கால வினைதான். அந்த இடத்தில் நிபந்தனையை வைத்தால் கடவுள் ஆலோசனை சொல்வது போல ஆகிவிடும்.

செய்தித்தாள்களில் வேறொரு பிரிவு. மந்திரி பதவி விலகியிருப்பார் என்று நானே ஊகித்தால் எதிர்காலம்: 'அப்ரா ரெனுன்சியாதோ'. விலகியதாகப் பிறர் சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது என்றால் நிபந்தனை: 'அப்ரீயா ரெனுன்சியாதோ'. நம் செய்தியாளர்கள் 'கூறப்படுகிறது' என்று வால் சேர்த்துச் செய்யும் காரியத்தை அங்கே ஒரு 'ஈ' செய்து முடிக்கிறது. லத்தீன் அமெரிக்கப் பத்திரிகைகளில் இது தாராளமாகப் புழங்குகிறது. ஸ்பெயினின் 'எல் பைஸ்' நாளிதழ் தன் நடைக்கையேட்டில் இதற்குத் தடை போட்டிருக்கிறது. பிரெஞ்சிலிருந்து ஒட்டிக்கொண்ட வழக்கம் என்பது பழிப்பவர்களின் வாதம். உறுதி செய்யாத செய்தியை அச்சிடாதே என்பதை இலக்கணத்தின் வழியாகச் சொல்வதாகவும் அதைப் படிக்கலாம்.

இன்றைய தெருப்பேச்சில் இருவரில் யார் கை ஓங்கியிருக்கிறது? நாளைக்குப் பேசுவேன் என்று சொல்ல, குறிப்பாக லத்தீன் அமெரிக்காவில், அப்லரேயை விட 'போய் ஆ அப்லார்' என்பதுதான் மிகுதி. 'பேசப் போகிறேன்' என்று நாம் சொல்வதைப் போலவே 'போ' என்னும் வினையை வைத்துக் கட்டியது. எழுத்து எதிர்காலத்துக்குப் பேச்சில் எஞ்சியது பெரும்பாலும் ஊகம்தான். நிபந்தனைக்கும் இதே போட்டி இருக்கிறது. 'பேசப் போவதாக இருந்தாள்' என்பதற்கு 'இபா ஆ அப்லார்' வந்து தூதுப்பேச்சில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் மே குஸ்தரீயாவின் பணிவையும், கையில் இல்லாத பணத்தில் வாங்கும் கொம்ப்ரரீயாவையும் 'இபா ஆ' அவ்வளவு எளிதில் தொட முடியவில்லை. அங்கே அதற்கு எதிராக நிற்பது வேறு ஆள். ஸ்பெயினில் நண்பர்கள் பேச்சில் 'உன் இடத்தில் நானாக இருந்தால் வாங்குவேன்' என்பதற்குக் கொம்ப்ரரீயாவை விட்டுவிட்டு, வெறும் தொடர் இறந்தகாலத்தில் 'கொம்ப்ராபா' என்று முடிப்பது சகஜம். கொமேர், சுபீர் வகுப்பு வினைகளில் அந்தத் தொடர் இறந்தகாலத்துக்கும் நிபந்தனைக்கும் விகுதி ஒன்றே. கொமீயாவுக்கும் கொமெரீயாவுக்கும் நடுவே இருப்பது மூலவடிவத்தின் அந்த ஒற்றை ரகர அசை மட்டும்தான்.